புண்ணிய காலத்தில் இருபத்தேழு வாளி

உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், செடி மறைவில் கூட்டமாக நிற்கிறதே அந்தச் சிவப்பு மீன், அதற்கு அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறீர்களா?

யோசித்திருக்க மாட்டீர்கள். விலை கேட்டிருப்பீர்கள். மற்ற மீனைக் கடிக்குமா என்று கேட்டிருப்பீர்கள். கடிக்காது, பரம சாது என்று கடைக்காரரும் சொல்லியிருப்பார். அந்தச் சாதுவை வளர்த்த குற்றத்துக்காக ஒரு பெண்ணை ஏழு வருடம் கிணற்றடியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது.

அவள் பெயர் பேமாவதி. இலங்கையில், அகலவத்தையிலிருந்து உள்ளே பிரியும் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற மீகஹகொட கிராமத்துக்காரி. இப்போது வயது அறுபத்தாறு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டின் பின்புறம் இருக்கும் நான்கு சிமெந்துத் தொட்டிகளில் மூன்று காய்ந்து கிடக்கின்றன. நான்காவதில் இன்னும் முப்பது மீன். காலையில் பிளாஸ்டிக் நாற்காலியை அதன் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

"என்னம்மா, டீவி பாக்குறியா?" என்று மகள் கேலி செய்வாள்.

"ஓம். பழைய படம் ஓடுது. தொந்தரவு பண்ணாத."

அந்தப் பழைய படத்தின் முதல் காட்சி ஓர் ஓடை. பதினேழு வயதில் பேமாவதி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனாள். வெட்டி முடித்து, பாலைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, பெண்கள் வாளி கழுவ இறங்குகிற ஓடை அது. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். மேலே மரங்கள் மூடிக்கொண்டு நிற்கும். அடியில் வருடக்கணக்காக விழுந்து மக்கிய இலை. அதனால் தண்ணீருக்குச் சாயத் தேநீரின் நிறம். அந்தக் கறுத்த இலைகளுக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரிந்தது லே தித்தயா. அந்தச் சிவப்பு மீனின் ஊர்ப் பெயர் அது; லே என்றால் இரத்தம். ஆண் மீனின் உடம்பு முழுக்க அந்த நிறம். பெண் மீன் மண்ணிறத்தில், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோட்டோடு அடக்கமாக இருக்கும். நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்று செட்டையை விரித்துக் காட்டும். அடுத்த நொடி குத்து விழும் என்று தோன்றும். விழாது. விரித்துக் காட்டிவிட்டு இரண்டும் தத்தம் வழியே போய்விடும்.

பேமாவதி எப்போதும் கூட்டத்துக்குக் கீழ்ப்புறமாக இறங்கித்தான் வாளி கழுவுவாள். பால் உறையாதிருக்க ஊற்றுகிற மருந்து வாளியில் ஒட்டியிருக்கும். அது மேலிருந்து வந்தால் மீன் செத்து மிதக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்திருந்தாள்.

"ஏ பேமே, மீனையே பாத்துக்கிட்டு நின்னா மாப்பிள்ளை வருவானா?" என்பார்கள் மற்றப் பெண்கள்.

"வரட்டும். செட்டைய விரிச்சுக் காட்டிட்டுக் கடிக்காமப் போற ஆளா வரட்டும்."

அப்படியே ஒருவன் வந்தான். வில்பட். மேசன் வேலை. ஆறு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வான். சுவரைப் பூசிவிட்டு மூன்றடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொள்வான். கல்யாணமாகி அவள் வந்த வளவில் இரண்டு வீடு. ஒன்றில் இவர்கள். மற்றதில் வில்பட்டின் அண்ணன் எட்வின், அவன் மனைவி நந்தா, பிள்ளைகள், அண்ணன் தம்பி இருவரின் தாயான மாமி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய வருடத்தில் ரொட்ரிகோ என்ற வியாபாரி பழைய வேனில் வந்தார். ஊர்ப் பையன்கள் ஓடையில் வலைபோட்டுப் பிடித்த மீனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் சேர்ப்பது அவர் தொழில். அந்த முறை அவர் வலையில் பிடித்த மீனை வாங்கவில்லை.

"ஓடையில புடிச்சது இனி வேணாம். இப்படியே அள்ளினா நாளைக்கு ஓடையில தவளைதான் மிஞ்சும். வீட்டுல பெருக்கித் தரக்கூடிய ஆள் யாராவது இருக்கா?"

பையன்கள் சிரித்தார்கள். "அதுக்குன்னு பொறந்த ஒரு ஆள் இருக்கு மாத்தயா. எங்க வில்பட் அண்ணன் வீட்டு அக்கா."

வில்பட் நான்கு தொட்டி கட்டினான். மூலை வளைத்து, நெளிவில்லாமல் பூசி, ஓரத்துக்கு வளையம் வைத்து, வீட்டைவிட அழகாக. கேட்டதற்கு, "மீன் நம்மளோட நிறைய நேரம் சுவரையே பாக்குமே" என்றான். அவன் ஆயுளில் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

மீனைப் பெருக்குவதைப் பேமாவதி அடிபட்டுத்தான் கற்றாள். ஜோடியைத் தனியே விட்டு, தேங்காய்த் தும்பைக் கழுவிக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட வேண்டும். விடிந்த வேளையில் பெண் மீன் தும்புக்குள் நுழைந்து முட்டையைத் தூவும், ஆண் பின்னாலேயே போகும். முடிந்ததும் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இட்டதையே திரும்பித் தேடித் தின்னும். முதல் மூன்று முறை அப்படித்தான் ஒன்று மிஞ்சாமல் போனது. "பெத்ததையே திங்கிறியே, உனக்கு என்னடி சாது பட்டம்?" என்று தொட்டியைப் பார்த்து அவள் கத்தியது பக்கத்து வளவு வரை கேட்டதாம். ஒன்றரை நாளில் குஞ்சு வெளிவரும். ஊசிமுனை தடிப்பு. வைக்கோல் ஊறிய தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அதற்கு முதல் சாப்பாடு. வளர்ந்தால் கொசுப்புழு. அதற்காகத் தோட்டம் முழுக்கச் சிரட்டை கவிழ்த்துப் பார்த்தபடி திரிந்தாள்.

"சுகாதார ஐயா நுளம்பை ஒழிக்கச் சொல்றாரு, நீ பால் குடுத்து வளக்கிற" என்பாள் நந்தா. சிரித்துக்கொண்டே தன் வீட்டுச் சிரட்டைகளையும் கொண்டுவந்து தருவாள்.

எல்லாம் சரி, நிறம் மட்டும் வரவில்லை. புதுச் சிமெந்தின் வெளிச்சத்தில், கிணற்றின் கண்ணாடித் தண்ணீரில், மீன்கள் வெளுத்துப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு நல்ல ஆண் மீனைத் தனியே போத்தலில் எடுத்துக் காட்டினால் இன்னும் மோசம். பயந்து, நிறம் முழுக்க உதிர்ந்ததுபோல் கிடக்கும். திரும்பக் கூட்டத்தில் விட்டால் கொஞ்சம் தேறும்.

"என்ன நங்கி இது, ரத்தம் செத்த மாதிரி?" என்றார் அவளைத் தங்கை முறை வைத்துக் கூப்பிடும் ரொட்ரிகோ. "புத்தாண்டு முடிஞ்சு, ஐப்பசி மழையோட ஒரு தடவ வாறேன். தேறியிருந்தா எடுக்கிறேன். இல்லாட்டி இந்த ரோட்டுல என் வேன் ஏறாது, கோவிக்க வேணாம்."

பால் வெட்டும் வேலையை அதற்குள் அவள் விட்டிருந்தாள். தொட்டிகள் போனால், இருட்டோடு எழுந்து கத்தியோடு அந்த மரங்களுக்கே திரும்ப வேண்டும். அதைவிட, அந்த மீன்களை விட்டுவிட்டு எதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சித்திரை வந்தது. எரபது என்கிற முள்முருங்கை பூத்தது, குயில் கத்தியது, ஊரே வெள்ளையடித்தது. பேமாவதி அடுப்படியில் கெவும் என்ற எண்ணெய்ப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்த எண்ணெயை விட்டு நகர முடியாத வேலை. வெளியே வில்பட் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். முடிந்தபோது வாளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேசன் கையில் மிச்சச் சுண்ணாம்பு இருந்தால் அது எங்கே போகும்? நான்கு தொட்டிக்கும் வெளியே அடித்தான். பிறகு உள்ளேயும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிந்த நான்கு விரற்கடையளவுக்கும் கவனமாக அடித்தான். மூன்றடி பின்னால் நகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள் பேமாவதி. "உள்ளுக்குமா அடிச்சீங்க?"

"மீனுக்கும் புத்தாண்டுதானே."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. "தண்ணியில படலைதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"சொட்டுப் படல. காஞ்சதும் கல்லு மாதிரி நிக்கும்."

சித்திரை மழைக்கு அது தெரியவில்லை. மறுநாள் மதியம் வானம் கறுத்து, இடித்து, ஒரு மணிநேரம் ஊற்றியது. மழை விட்ட கையோடு புண்ணிய காலம் பிறந்தது.

அந்தப் பக்கத்துப் பஞ்சாங்கப்படி பழைய வருடத்துக்கும் புது வருடத்துக்கும் நடுவில் ஒரு பொழுது உண்டு. அப்போது அடுப்பு எரியக்கூடாது. சமைக்கக்கூடாது, உண்ணக்கூடாது, ஒரு துரும்பு வேலை செய்யக்கூடாது. கிணற்றைக் கழுவி, பலகை போட்டு மூடி, மேலே வெள்ளைத் துணி விரித்துவிடுவார்கள். புது வருடத்தின் நல்ல நேரத்தில் வீட்டின் மூத்த பெண் பூ வைத்து, உப்பும் கரியும் போட்டு, முதல் தண்ணீர் எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசிக்குள் நுழைகிற நேரமாம் அது. வானத்தில் இல்லாத மீனுக்கு அத்தனை மரியாதை. தொட்டியில் இருக்கிற மீன் மூச்சுவிட ஒரு வாளித் தண்ணீர் கிடையாது!

விகாரைக்குப் போக வெள்ளை உடுத்தி வெளியே வந்த பேமாவதி, வழக்கம்போல் தொட்டியை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. உள்சுவரில் சுண்ணாம்பு கோடு கோடாக வழிந்திருந்தது. அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

முதலில் வீட்டுக்குள் ஓடினாள். புண்ணிய காலத்துக்கென்று பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானை இரண்டையும் கொண்டுவந்து ஊற்றினாள். தாய்மீன்கள் இருந்த தொட்டிக்கு அது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. ஓடை கால் மைல் இறக்கம். கிணறு இருபது எட்டு.

வெள்ளைத் துணியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பலகையைத் தள்ளினாள்.

"ஏய்! என்ன செய்ற?" என்று மாமி முற்றத்திலிருந்து கத்தினாள். "புண்ணிய காலம் நடக்குது! பைத்தியமா உனக்கு?"

"மீன் சாகுது மாமி."

"சாகட்டும்! மீனுக்காக வீட்டையே அழிப்பியா? ரெண்டு வீட்டுப் புள்ளைகளும் இந்தத் தண்ணியத்தான் குடிக்குதுங்க!"

எட்வின் ஓடி வந்தான். "நங்கி, கயித்த விடு. நல்ல வார்த்தையா சொல்றேன்."

"நல்ல வார்த்தை வேணாண்ணே. ஒரு கை குடுங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"நானா? இந்த நேரத்துலயா?"

"உசுரக் காப்பாத்துனா பாவம்னு எந்தச் சாமியார் சொன்னாரு? இப்ப நாம விகாரைக்குப் போய் என்ன ஓதப் போறோம்? எல்லா உசுரும் நல்லா இருக்கட்டும்னுதானே?"

எட்வின் கயிற்றைத் தொடாமல் ஒதுங்கினான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நந்தா தன் வாசற்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வில்பட் புதுச் சாரத்தோடு, கையில் வெற்றிலைத் தட்டோடு நடு முற்றத்தில் நின்றான். அவன் கண் தொட்டிச் சுவரில் இருந்தது. நகரவில்லை.

இருபத்தேழு வாளி. அவள்தான் எண்ணினாள், எண்ணாமல் இருந்தால் அழுகை வந்திருக்கும் என்பதால். அடிமட்டத்தில் அடைப்பைத் திறந்து விட்டு, மேலே நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி அடைத்து, மறுபடி திறந்து. இரண்டு தொட்டி போயிற்று. குஞ்சுத் தொட்டியில் ஒன்று மிஞ்சவில்லை. ஆனால் தாய்மீன்களும் அதற்கடுத்த தொட்டியும் பிழைத்தன. விகாரை மணி அடித்தபோது நனைந்த வெள்ளைச் சேலையோடு அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள்.

அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும். நாலு நாள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் ஆடி மாதத்தில் கிணறு முக்கால்வாசி வற்றியது.

கிணறு ஏன் வற்றியது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். மேட்டுக்காணியை வாங்கியிருந்த கொழும்புப் பணக்காரர் மாசி மாதத்தில் குழாய்க் கிணறு தோண்டி, தன் புது நாற்றுத் தோட்டத்துக்கு இராப்பகலாகப் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில்தான் வளவே தூங்கியது. ஆனால் எட்வின் அந்தக் காணியில்தான் காவல் வேலை பார்த்தான். பணக்காரர் மேல் பழி போட்டால் வேலை போகும். தம்பி மனைவி மேல் போட்டால் ஒன்றும் போகாது. உலகத்தில் பாதித் தோஷங்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன. எங்கே தொட்டால் திருப்பி அடிக்காதோ அங்கே போய் அது ஒட்டிக்கொள்ளும்.

மாமி சாத்திரக்காரரிடம் போய் வந்தாள். முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்து எட்வின் பேசினான்.

"நான் சொல்லல. சாத்திரத்துல சொல்லுது. அடைச்ச கிணத்தத் திறந்தவ கை படப்படத் தண்ணி இறங்கும். ஒண்ணு, அந்தத் தொட்டிகள உடைக்கணும். இல்லாட்டி அவ கிணத்தடிக்கு வரக்கூடாது."

"அண்ணே, மேல பம்பு ஓடுறது உங்க காதுல விழலையா?" என்றாள் பேமாவதி.

"பம்பு வேற, இது வேற."

"பம்பு தண்ணி இழுத்தா கிணறு வத்தாது, நான் இழுத்தா வத்துமா? அப்படின்னா என்ன அந்த ஐயாவுக்கு வாடகைக்கு விடுங்க, டீசல் மிச்சம்."

யாரோ ஒருவர் சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். மாமி எழுந்து உள்ளே போய்விட்டாள். எல்லாரும் வில்பட்டைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"தொட்டிய உடைக்க மாட்டேன்," என்றாள் பேமாவதி. "கிணத்த நீங்களே வச்சுக்கங்க."

மறுநாள் விடிந்ததும் இரண்டு தகரக் கேன்களோடு ஓடைக்கு இறங்கினாள். இறங்கும்போது கால் மைல். ஏறும்போது அது எத்தனை மைல் என்று அவள் தோளைத்தான் கேட்க வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க, மகளுக்கு, மீனுக்கு. மூன்று நாள் தனியாகத் தூக்கினாள். வழியில் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். நான்காவது நாள் திரும்பிப் பார்த்தால், பின்னால் வில்பட். கமுகுத் தண்டைச் சீவி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, தோளில் காவடித் தடி.

"கூலி வேலைக்குப் போகலையா?"

"போகணும். இது முடிச்சிட்டு." கொஞ்ச தூரம் நடந்தபிறகு சொன்னான். "சுண்ணாம்பு பூசுனது இந்தக் கை. தூக்குறதும் இந்தக் கையா இருக்கட்டும்."

"அன்னைக்கு முத்தத்துல அந்தக் கைக்கு என்ன ஆச்சு?"

"வெத்தலைத் தட்டு இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினாள். இரண்டு நாள் பேசவில்லை. தடியை மட்டும் பறிக்கவில்லை.

ஏழு வருடம் அப்படி நடந்தார்கள். ஒவ்வொரு காலையும் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து, கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்து, போத்தலில் கொண்டுவந்த சாயத் தேநீரைக் குடித்தார்கள். வீட்டில் வாய் திறக்காத வில்பட் அங்கே பேசினான். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரில் கரியால் யானை வரைந்து அடிவாங்கியதை, முதலில் பூசிய சுவர் மூன்றாம் நாள் விழுந்ததை, பெண் பார்க்க வந்த அன்று அவள் காலில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்ததை. காலடியில் லே தித்தயா கூட்டம் வந்து பாதத்தை முகர்ந்து போகும். வெயில் இலைகளின் வழியே துண்டு துண்டாக விழும் இடத்தில் ஒரு நொடி பற்றி எரிந்து, நிழலுக்குள் போய் அணையும். பேமாவதி இன்றும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற படத்தில் அதிக நேரம் ஓடுவது இந்தக் காட்சிதான். வேறு காட்சி வந்தால் அவள் கண்ணை மூடித் திரும்ப இங்கே வந்துவிடுவாள்.

கேனில் இலையும் சேர்ந்து வந்தது. வடிகட்ட யாருக்குத் தெம்பு? அப்படியே தொட்டியில் ஊற்றினாள். இலை அடியில் தங்கிக் கறுத்தது. தண்ணீர் சாயம் பிடித்தது. வெள்ளைச் சுவர் மங்கிப் பாசி படர்ந்தது. வில்பட் வெயிலை மறைக்க மேலே தென்னோலை வேய்ந்தான். முதல் வருட ஐப்பசியிலேயே ஒரு காலை, ஓலையின் ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். ஆண் மீன்கள் அத்தனையும் சிவந்திருந்தன. மூலையை விட்டு வெளியே வந்து, எதிரெதிரே நின்று, செட்டையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தன.

சொன்னபடி வந்த ரொட்ரிகோ தொட்டியருகே குந்தியவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "என்ன மருந்து போட்ட, சொல்லு நங்கி."

"மருந்தில்ல மாத்தயா. ஒதுக்கி வச்சாங்க."

அவருக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தார். அதற்குப்பிறகு அவர் வேன் அந்தப் பாதையில் தவறாமல் ஏறியது.

ஊர் சும்மா இருக்குமா? "பாத்தியா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. அன்னைக்கு அவங்க தடுக்காட்டி இது கிடைச்சிருக்குமா?" என்று விகாரையில் ஒரு பெரிய மனிதர் அவளிடம் சொன்னார்.

"ஐயா, ஓடைத் தண்ணியும் நெழலும்தான் மீனுக்குப் புடிச்சிருக்கு. அத நல்ல வார்த்தையா சொல்லியிருந்தாலே நான் தூக்கியிருப்பேன். குடிக்கிற தண்ணியையும் சேத்து ஏழு வருஷம் தூக்குனது யாரு நல்லதுக்கு? என் முழங்காலக் கேளுங்க."

ஒதுக்கல் எப்படி முடிந்தது என்கிறீர்களா? யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கூடிப் பேசவில்லை. குழாய்த் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் குழாய். கிணற்றுக்கு மேல் கம்பி வலை போட்டார்கள். புண்ணிய காலத்திலும் குழாய் சொட்டுகிறது. அதைப் பஞ்சாங்கம் கண்டுகொள்வதில்லை. குழாய்த் தண்ணீரில் கலக்கிற மருந்து மீனுக்கு ஆகாததால் மீனுக்கு மட்டும் அவர்கள் ஓடைக்கே போய்வந்தார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். மாமி சாகும்போது பேமாவதி கையால்தான் கஞ்சி குடித்தாள். வில்பட் போய் ஒன்பது வருடமாகிறது. ஒருநாள் சுவர் பூசிவிட்டு மூன்றடி பின்னால் நகர்ந்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

போன சித்திரையில் நந்தா வந்தாள். அவளுக்கு இப்போது எழுபது. தட்டில் கெவும் கொண்டுவந்து, தொட்டியருகே இருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேமே, ஒண்ணு சொல்லணும்," என்றாள் நந்தா. "அந்த வருஷம்... புண்ணிய காலத்துல, நீ இழுக்கிறதுக்கு முன்னால, நானும் இழுத்தேன்."

"என்னத்த?"

"தண்ணி. சின்னவனுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. புடிச்சு வச்ச தண்ணிய ஆட்டுக்குட்டி தட்டி விட்டுடுச்சு. எல்லாரும் உடுத்திக்கிட்டிருக்கும்போது பலகையத் தள்ளி ஒரு வாளி எடுத்து, துணியப் பழையபடி விரிச்சு வச்சிட்டேன். யாரும் பாக்கல."

பேமாவதி திரும்பி அவளைப் பார்த்தாள். அன்று படியில் பிள்ளையை இடுப்பில் வைத்து நின்ற நந்தா இப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தாள். பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இருந்தது. அன்றைக்கு அது அவள் கண்ணில் படவில்லை.

"முத்தத்துல உக்காத்தி வச்சுக் கேட்டாங்களே, அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"பயம். உன்ன என்ன பண்ணுனாங்கன்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். புள்ளைங்க வேற."

"எனக்கு மட்டும் புள்ள இல்லையா?"

நந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திட்டு பேமே. அதுக்குத்தான் வந்தேன்."

"திட்டுறதுக்கு இப்ப தெம்பில்ல." பேமாவதி குனிந்து தன் முழங்காலைத் தேய்த்தாள். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு மருமகளையும் ஒதுக்கி வச்சிட்டு அவங்களுக்கு யாரு சோறாக்குவா? ஒரே வாரத்துல சாத்திரம் மாறியிருக்கும். அதுவும் மாறாட்டி, ரெண்டு பேரா தூக்கியிருப்போம். ஏழு வருஷம், அக்கே. வழியில பேச்சுத் துணையாவது இருந்திருக்கும்."

நந்தா அழுதாள். பேமாவதி தட்டிலிருந்து ஒரு கெவும் எடுத்துக் கடித்தாள். "எண்ணெய் கூடிப்போச்சு," என்றாள். இரண்டு பேரும் மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மன்னித்தாளா என்று கேட்டால், "அது வேற கத" என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள்.

பேமாவதியைப்போல எல்லாராலும் மூடிய பலகையைத் தள்ள முடியாது. அதை உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் நந்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விலக்கை ஓசையில்லாமல் மீறிவிட்டு, மீறியதாகப் பிடிபட்ட இன்னொருத்தி அடிபடும்போது படியில் நின்று பார்ப்பவர்கள். தீட்டு நாளில் சமையலறைக்குள் போனவர்கள், கெட்ட நேரத்தில் பயணம் புறப்பட்டவர்கள், எதுவும் ஆகாமல் நன்றாக இருப்பவர்கள். நீங்களும் அப்படி ஒருவராக இருக்கலாம். இருந்தால், உங்கள் தெருவில் யாரையாவது உட்காரவைத்து விசாரிக்கும் அந்த முற்றத்துக்கு இன்றைக்கே போங்கள். போய், "நானும்தான் இழுத்தேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.